மாமா தந்த நீராவி எஞ்சின்: காஸ் ஊளையிடுகிறது, ரிமோட்டுக்கும் அடங்குதில்லை. உதவி தேவை

கல்லடி_வளவு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மொடல் கோச்சி வைத்திருக்கிறவர்கள் இங்கே ஒன்றிரண்டு பேராவது இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். மட்டக்களப்பில் நேரே போய்க் கேட்க எனக்கு ஒருவரும் இல்லை.

லண்டனில் இருக்கிற மாமா போன மாதம் வந்தபோது, கனகாலமாகத் தான் வைத்திருந்த நீராவி எஞ்சினை எனக்குத் தந்துவிட்டுப் போனார். கரண்டில் ஓடிச் சும்மா புகை விடுகிற சாமான் இல்லை. உண்மையான செப்புப் பொயிலர், இரண்டு சிலிண்டர், காஸ் பர்னர், 32 மில்லிமீற்றர் தண்டவாளத்தில் ஓடுகிற நாலு சக்கர டாங்க் எஞ்சின். கபினுக்குள் இரண்டு சேர்வோ, ரிமோட் சொல்கிறபடி ஒரு கையை அசைக்கிற சின்ன மோட்டார், இருக்கிறது. ஒன்று சிலிண்டருக்கு நீராவி விடுகிற ரெகுலேற்றரைத் திறந்து மூட, மற்றது முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றுகிற லீவருக்கு. ரிமோட் புதிது, 2.4 கிகாஹேர்ட்ஸ், பழையது பழுதான பிறகு மாமாவே வாங்கிப் பூட்டியது. அவர் இங்கே நின்ற நாலு நாளும் சொந்தக்காரர் வீட்டு அலைச்சலிலேயே போய்விட்டது, ஒருதரம்கூட ஓட்டிக் காட்ட முடியவில்லை. கையேட்டை வாசித்து வாசித்து நானாகத்தான் தொடங்கினேன்.

வளவின் பின்பக்கம், மாமரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில், நாலரை அடி ஆரத்தில் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். மணல் நிலம் என்பதால் சீமெந்துக் கல் அடுக்கி, அதன்மேல் பலகை, பலகையின்மேல் தண்டவாளம்.

இதுவரை நாலு தரம் நெருப்பு வைத்தாயிற்று. காஸைத் திறந்து புகைபோக்கியின் வாயில் லைற்றரைப் பிடித்தால் 'பொப்' என்று சத்தம் வந்து நெருப்பு உள்ளே இறங்குகிறது, அதுவரை கையேட்டில் உள்ளபடிதான். ஒரு நிமிஷம் ஒழுங்காக எரியும். அப்புறம் ஊளையிடத் தொடங்கும், பக்கத்து வீட்டு நாய் பதிலுக்கு ஊளையிடுகிற அளவுக்கு. கொஞ்ச நேரத்தில் நெருப்பு பர்னரை விட்டுக் கிளம்பி புகைபோக்கியின் அடியில் எரியும், இல்லாவிட்டால் அணைந்தே போகும். காஸ் கொழும்பில் இருந்து எடுப்பித்தது, முகாம் அடுப்புக்குப் போடுகிற குள்ள ரின், 70க்கு 30 என்று போட்டிருக்கிறது.

இரண்டாவது, ரிமோட்டின் ஸ்டிக்கை அடிமட்டத்துக்கு இழுத்தாலும் எஞ்சின் முழுதாக நிற்காமல் மெல்ல மெல்ல ஊர்கிறது. அந்த நேரம் சேர்வோவிலிருந்து 'கிர்ர்' என்று விடாமல் ஒரு சத்தம்.

போன சனிக்கிழமை நடந்ததுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. லீவரை நடுவுக்குக் கொண்டுவராமல், எஞ்சினைக் கையால் மறித்து வைத்துக்கொண்டு, சரி முடிந்தது என்று ரிமோட்டை ஓஃப் பண்ணினேன். பண்ணின கையோடு ரெகுலேற்றர் தானாகத் திறந்துகொண்டது. கையை உதறிக்கொண்டு பாய்ந்த எஞ்சின் வளைவில் தடம் புரண்டு, கிணற்றுக் கட்டில் முட்டி, பர்னர் எரிய எரியச் சரிந்து விழுந்தது. படிக்கட்டுத் தகடு வளைந்ததோடு போயிற்று. மகளுக்கு ஏழு வயது. அவள் வழக்கமாக நிற்கிற இடம் அந்தக் கிணற்றுக் கட்டு. அன்றைக்கு வீட்டுக்குள் இருந்தாள்.

இன்னும் இரண்டு சின்னக் கேள்வி. தொடங்கும்போது புகைபோக்கியால் கறுப்புத் தண்ணீர் துப்பி என் சட்டையெல்லாம் பொட்டுப் பொட்டாகிவிடுகிறது, இது வழமையா? கிணற்றுத் தண்ணீர் ஊற்றலாமா? மாமா தந்த எண்ணெய் முடியப் போகிறது, மோட்டார் சைக்கிள் எண்ணெய் விட்டால் பிழையா?

இவற்றுக்கு விடை தெரியும்வரை இனி நெருப்பு வைக்க மாட்டேன்.


லெஸ்டர்_மட்டுநகர் எழுதியது:

தம்பி, நிறுத்தி வைத்தது நல்ல வேலை. ரேடியோவைப் பற்றி என்னைவிட விபரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும், நான் காஸைச் சொல்கிறேன். எஞ்சினில் ஒரு பழுதும் இல்லை. நீங்கள் விடுகிற காஸ் கல்லடி வெயிலுக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

70க்கு 30 என்றால் 70 பங்கு பியூட்டேன், 30 பங்கு புரொப்பேன். பியூட்டேன் கொதிப்பது பூச்சியத்துக்கு அரைப் பாகை கீழே, புரொப்பேன் கொதிப்பது பூச்சியத்துக்கு 42 பாகை கீழே. அதனால் இங்கே இங்கிலாந்தில், மார்கழிக் குளிரில் தோட்டத்தில் ஓட்டுகிற எங்களுக்குப் புரொப்பேன் கலந்தால்தான் காஸ் ஒழுங்காக வரும், காஸ் டாங்கி குளிர்ந்து போகாமல் இளஞ்சூட்டுத் தண்ணீரில் தாழ்த்தி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் பாடு இதற்கு நேரெதிர். 20 பாகையில் பியூட்டேனின் ஆவி அமுக்கம் 2 பார் அளவு, புரொப்பேனுடையது 8 பாருக்கும் மேல். உங்கள் வளவில் நிழலிலேயே 32, 33 பாகை இருக்கும், அதோடு காஸ் டாங்கி கபினுக்குள் பொயிலரின் முதுகோடு ஒட்டி இருக்கிறது. பொயிலர் சூடாகச் சூடாக டாங்கியும் சூடாகி அமுக்கம் ஏறுகிறது. ஒரு நிமிஷம் ஒழுங்காக எரிந்து அப்புறம் ஊளையிடுகிறது என்று நீங்கள் எழுதியதே அதற்கு அத்தாட்சி. காஸ் வருகிற வேகம் நெருப்பு பரவுகிற வேகத்தை மிஞ்சும்போது சுவாலை பர்னரை விட்டுக் கிளம்பிவிடும்.

மேசையில் வைக்கிற கையடக்க காஸ் அடுப்புக்குப் போடுகிற நீண்ட ரின் இருக்கிறதல்லவா, அதை வாங்குங்கள். லேபலில் பியூட்டேன் என்று இருக்கிறதா என்று வாசித்துப் பார்த்து வாங்குங்கள். வீட்டுச் சிலிண்டரில் இருந்து நிரப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம், அதிலும் புரொப்பேன் கலந்திருக்கும், நிரப்புகிற முறையும் ஆபத்து. நீண்ட ரின்னின் மூக்கு உங்கள் டாங்கி வால்வுக்கு நேரே பொருந்தாது, இடையில் ஒரு பித்தளை அடப்டர் வேண்டும். மாமாவிடம் சொன்னால் அதைத் தபாலில் அனுப்பலாம். காஸைத்தான் விமானத்தில் ஏற்றக் கூடாது, அடப்டருக்குத் தடை இல்லை.

நிரப்புகிறபோது ரின்னைத் தலைகீழாகப் பிடித்து நேரே அமத்துங்கள், திரவமாக இறங்கும். ரின்னைவிட டாங்கி குளிராக இருந்தால்தான் இறங்கும். ஓட்டி முடித்த சூட்டோடு மறுபடி நிரப்பப் போனால் ஏறாமல் பக்கத்தால் சீறும். அப்போது பலவந்தம் பண்ண வேண்டாம், ஈரத்துணியை டாங்கியில் பத்து நிமிஷம் சுற்றி வைத்துவிட்டு நிரப்புங்கள். பக்கத்தில் அடுப்பு, சிகரெட் மட்டுமில்லை, நுளம்புத்திரிகூட எரியக் கூடாது. இந்தக் காஸ் காற்றைவிடப் பாரமானது, சிந்தினால் மேலே போகாது, தரையோடு தரையாக ஊர்ந்து போய்ப் பலகையின் கீழே தேங்கும். நிரப்பி முடித்து ஒன்றிரண்டு நிமிஷம் விசிறிவிட்டுப் பிறகு லைற்றரை எடுங்கள்.

பற்ற வைக்கும்போது காஸ் வால்வைக் காது கேட்கிற மட்டுக்கு மட்டும் திறவுங்கள். நல்ல நெருப்பு 'உஸ்' என்று தாழ்ந்த குரலில் இருக்கும். பட்டப்பகல் வெயிலில் நீலச் சுவாலை கண்ணுக்குத் தெரியாது, அதனால் மாமர நிழலில் வைத்துப் பற்ற வையுங்கள். சூடேற ஏற ஒரு மயிரிழை, ஒரு மயிரிழையாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். சுவாலை புகைபோக்கிப் பக்கம் கிளம்பிவிட்டால் ஊதி அணைக்காதீர்கள், காஸை மூடி, அரை நிமிஷம் விட்டு, புதிதாகப் பற்ற வையுங்கள்.

பியூட்டேனுக்கு மாற்றிய பிறகு நெருப்பு சோம்பலாக, மஞ்சளாக இருந்தால், பர்னருக்குக் காஸ் விடுகிற சின்னத் துளைமூக்கான ஜெற்றில் தூசி என்று அர்த்தம். ஜெற்றைக் கழற்றி அசெற்றோனில் ஊறவிட்டுப் பின்பக்கத்தால் காற்றடித்தால் போதும். ஊசி, கம்பி ஒன்றும் அதற்குள் விடக் கூடாது, அந்தத் துளை கண்ணுக்கே மட்டுமட்டாகத்தான் தெரியும், ஒருதரம் பெருத்தால் ஜெற் போயிற்று.

பெரிதாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தச் சின்ன எஞ்சின்களில் தண்ணீர் மட்டம் பார்க்கக் கண்ணாடி இருக்காது. காஸ் டாங்கியின் அளவையே தண்ணீர் முடிய முதல் காஸ் முடிகிற மாதிரித்தான் வைத்திருக்கிறார்கள். ஆகவே காஸ் முடிந்தால் காஸை மட்டும் நிரப்பி மறுபடி ஓட்டவே கூடாது. அமுக்கம் முழுக்க இறங்கும்வரை பொறுத்திருந்து, தண்ணீர் நிரப்பி, அதற்குப் பிறகுதான் காஸ். வெறும் பொயிலரில் நெருப்பு பட்டால் அந்தச் செப்பு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.


அக்கரைப்பற்று_ரேடியோ எழுதியது:

வணக்கம் தம்பி. நான் ரிமோட் படகு ஓட்டுகிறவன், நீராவி எனக்குத் தெரியாது, ஆனால் உங்கள் சனிக்கிழமைக் கதையை வாசித்ததும் நித்திரை வரவில்லை. உங்களுக்கு நடந்ததை எங்கள் ஆட்கள் ஃபெயில்சேஃப் பிழை என்பார்கள். ரிமோட்டின் சிக்னல் இல்லாமல் போனால் ஒவ்வொரு சேர்வோவும் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று, எஞ்சினுக்குள் சிக்னலை வாங்குகிற ரிசீவருக்குள் பதிந்து வைத்திருக்கும். உங்கள் மாமா புது ரிமோட்டைப் பூட்டினபோது ஸ்டிக் நடுவில் நின்ற நேரம் அது பதிந்திருக்கலாம். அதனால் ரிமோட்டை ஓஃப் பண்ணினதும் 'நடுவுக்குப் போ' என்கிற கட்டளைக்கு ரெகுலேற்றர் பாதி திறந்துவிட்டது. பற்றரி இறங்கினாலும் இதேதான் நடக்கும். எஞ்சின் வீட்டுக்குப் பின்னால் போய் மறைந்தாலும் நடக்கலாம்.

செய்ய வேண்டியதெல்லாம் குளிர்ந்த எஞ்சினில், நெருப்பில்லாமல், மேசையில் வைத்துச் செய்யுங்கள். முதலில் ரெகுலேற்றரின் கம்பியைச் சேர்வோ கையில் இருந்து கழற்றிவிடுங்கள். ரிமோட்டைப் போட்டு, பிறகு ரிசீவரைப் போட்டு, ஸ்டிக்குக்குப் பக்கத்தில் உள்ள ட்ரிம் என்கிற சின்னத் திருத்தப் பொத்தான் எல்லாம் நடுவில் வைத்து, ஸ்டிக்கை மூடின பக்கம் இழுங்கள். ரெகுலேற்றரை உங்கள் விரலால் மெதுவாக மூடிப் பாருங்கள், எவ்விடத்தில் இயல்பாக நிற்கிறதோ அதுதான் மூடின இடம். சேர்வோ கை அந்த இடத்துக்கு நேரே வருகிற மாதிரிப் பல்லு மாற்றிப் பூட்டி, கம்பியை மாட்டுங்கள். இப்போது அந்தக் 'கிர்ர்' சத்தம் வந்தால், சேர்வோ இன்னும் திரும்ப வேண்டும் என்று நினைக்கிறது, ரெகுலேற்றர் இடம் கொடுக்கவில்லை, இரண்டும் மல்லுக்கட்டுகிறது. ரிமோட்டில் எண்ட் பொயின்ற் என்று ஒரு அமைப்பு இருக்கும், அதில் அந்தப் பக்க ஓட்டத்தைச் சத்தம் நிற்கும்வரை குறைத்துக்கொண்டு வாருங்கள். சத்தம் நின்ற இடத்துக்கு ஒரு பொட்டு உள்ளே நிறுத்தினால் போதும். மல்லுக்கட்டுகிற சேர்வோ சும்மா நிற்கும்போதே பற்றரியைக் குடித்துவிடும், தானும் சூடாகும். முழுக்கத் திறக்கிற பக்கத்துக்கும் இதே வேலை. லீவர் சேர்வோவுக்கு முன், நடு, பின் என்று மூன்று இடமும் பார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஃபெயில்சேஃப். ரெகுலேற்றர் மூடின நிலையில், லீவர் நடுவில் இருக்கும்போது அதைப் பதியுங்கள். பதிந்துவிட்டேன் என்று நம்பி இருக்க வேண்டாம். ஸ்டிக்கைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு ரிமோட்டை ஓஃப் பண்ணி, ரெகுலேற்றர் மூடுகிறதா என்று கண்ணால் பாருங்கள். நான் ஒவ்வொரு தரமும் படகைத் தண்ணியில் விடமுன் இதைப் பார்க்கிறேன், பத்து செக்கன் வேலை. போடும்போது முதலில் ரிமோட், ஓஃப் பண்ணும்போது முதலில் ரிசீவர். இந்த ஒழுங்கு மாறவே கூடாது.

ரெகுலேற்றரை ஸ்பிரிங்கில் நடுவுக்குத் திரும்புகிற ஸ்டிக்கில் வைக்க வேண்டாம். விட்ட இடத்தில் நிற்கிற ஸ்டிக்கில் வையுங்கள், கை எடுத்தாலும் வேகம் மாறாது. பற்றரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள், நாலு சின்ன மின்கலம் பொயிலருக்குப் பக்கத்தில் வெந்துகொண்டிருந்தால் பின்னால் ஒரு பெட்டி கொழுவி அதற்குள் மாற்றுங்கள். ரிசீவரின் அன்ரெனா வயரைச் செப்புக்கும் இரும்புக்கும் பின்னால் ஒளிக்காமல் கபின் கூரையோரமாக, உலோகத்தில் படாமல் விடுங்கள்.

ஒன்று கேட்கிறேன், குறை நினைக்க வேண்டாம். பிள்ளை நிற்கிற இடத்தை மாற்றுங்கள். எல்லாம் சரி பண்ணின பிறகும் மாற்றுங்கள்.


கோச்சி_பிற்றர் எழுதியது:

மகன், நான் ரெயில்வேயில் பிற்றராக இருந்து ஓய்வு பெற்றவன், என் அப்பா மட்டக்களப்பு லைனில் எஞ்சின் நெருப்பைப் பார்க்கிற ஃபயர்மேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது டீசல் வந்துவிட்டது. ஆனாலும் நீராவி எஞ்சினின் பிடி எனக்கு அப்பாவிடம் இருந்து வந்தது. பெரியதற்கும் சின்னதற்கும் வேலை ஒன்றுதான், நீராவி ஆளைப் பார்த்து மாறாது.

கறுப்புத் தண்ணீர் துப்புவது வழமை. குளிர்ந்து கிடக்கிற சிலிண்டருக்குள் முதல் நீராவி போனதும் அது தண்ணீராகிவிடும். தண்ணீரை அமத்திச் சுருக்க ஏலாது. பிஸ்டன் முன்னே போகப் பார்க்கும், தண்ணீர் விடாது, எஞ்சின் திக்கித் திக்கி நிற்கும். அந்த நேரம் ஆட்கள் பொறுமையில்லாமல் ரெகுலேற்றரை முழுக்கத் திறப்பார்கள், தண்ணீர் ஒருமிக்கத் துப்பி முடிந்ததும் எஞ்சின் பாயும். உங்கள் சட்டை அப்படித்தான் கெட்டிருக்கும். லீவரை முன்னுக்குப் போட்டு, ரெகுலேற்றரை ஒரு நூல் அளவு திறந்து, எஞ்சினைக் கையால் ஒரு முழம் முன்னே, ஒரு முழம் பின்னே தள்ளிக் கொடுங்கள். பின்னே தள்ளும்போது லீவரையும் மாற்றுங்கள். புகைபோக்கியின் மேல் ஒரு பழந்துணியைப் பிடித்துக்கொண்டால் சட்டைக்கும் சேதமில்லை. நாலைந்து தரம் அப்படிச் செய்ய, துப்பல் நின்று வெள்ளை நீராவி தனித்தனி மூச்சாக வரத் தொடங்கும். மறுகா அது தானாக நகரும். இரண்டு பக்கத்துக் கிறாங்கும் ஒன்றுக்கொன்று 90 பாகை விலத்தி இருப்பதால் எந்த இடத்தில் நின்றாலும் ஒரு பக்கம் இழுக்கத் தயாராக இருக்கும்.

எண்ணெய். மோட்டார் சைக்கிள் எண்ணெய் வேண்டவே வேண்டாம், தேங்காய் எண்ணெயும் வேண்டாம். ஈர நீராவி அதைக் கழுவிக்கொண்டு போய்விடும், மிச்சம் பிசினாக ஒட்டும். நீராவிச் சிலிண்டருக்கென்று கொழுப்புக் கலந்து செய்கிற எண்ணெய் தனியாக இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 460 என்று அதன் தடிப்பைக் குறிப்பார்கள், பார்க்கிறதுக்குக் கித்துள் பாணி மாதிரி இருக்கும். மாமாவையோ லெஸ்டர் தம்பியையோ ஒரு போத்தில் அனுப்பச் சொல்லுங்கள், அரை லீற்றர் இருந்தால் உங்களுக்குக் கனகாலம் போகும். கபினுக்குள் மூடியோடு ஒரு சின்னக் குடுவை இருக்கும், அதற்குப் பக்கத்தால் நீராவிக் குழாய் போகும், குழாயில் ஊசித் துளை ஒன்று. அந்தத் துளையால் நீராவி கொஞ்சம் குடுவைக்குள் வந்து தண்ணீராகி அடியில் இறங்கும், எண்ணெய் மிதந்து மேலே வந்து அதே துளையால் குழாய்க்குள் போகும். பம்பு இல்லை, பல்லுச் சக்கரம் இல்லை, பாரமும் மிதப்பும் தான் வேலை செய்கிறது. ஓட்டி முடித்து ஆறினதும் அடியில் சேர்ந்த தண்ணீரைச் சிரிஞ்சால் இழுத்து எடுங்கள். முதலில் சாம்பல் நிறத் தண்ணீர் வரும், அப்புறம் சிரிஞ்ச் நுனியில் எண்ணெய் நூல் மாதிரி இழுபடும், அங்கே நிறுத்திவிட்டு மூடிவரை எண்ணெய் விடுங்கள். எடுத்த தண்ணீர் ஒவ்வொரு தரமும் ஒரே அளவாக இருந்தால் குடுவை நன்றாக வேலை செய்கிறது. தண்ணீரே இல்லை என்றால் துளை அடைபட்டிருக்கிறது.

கிணற்றுத் தண்ணீர் கூடாது. உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியைப் பாருங்கள், வெள்ளைப் படை இருக்கிறதல்லவா. அது பொயிலருக்குள்ளும் பிடிக்கும், உள்ளே கைவிட்டுச் சுரண்ட வழியில்லை. மாரி மழை இரண்டு நாள் பெய்து கூரை கழுவின பிறகு ஒரு பரல் பிடித்து, துணியால் வடித்துப் போத்திலில் அடையுங்கள், அடுத்த மாரிவரைக்கும் காணும். பொயிலரை வாய்வரை நிரப்பிவிட்டு 30 மில்லிலீற்றரைச் சிரிஞ்சால் திருப்பி எடுங்கள் என்று கையேட்டில் போட்டிருக்கும், அதை விடாமல் செய்யுங்கள். நீராவி நிற்க இடம் வேண்டும். தண்ணீரும் சூட்டுக்குப் பெருக்கும், 40 பி.எஸ்.ஐ. அமுக்கத்தில் அது கொதிப்பது 141 பாகையில், அங்கே போகும்போது அளவில் எட்டு சதவீதம் கூடியிருக்கும்.

எஞ்சின் விழுந்தது என்று சொன்னீர்கள். சேப்டி வால்வ் தட்டுப்பட்டதா என்று பாருங்கள். அடுத்த தரம் நெருப்பு வைக்கும்போது ஓட்டப் போகாமல் அமுக்கம் காட்டுகிற கேஜையே பார்த்துக்கொண்டிருங்கள், 40 அளவில் வால்வ் தூக்க வேண்டும். 40ஐத் தாண்டி முள்ளு ஏறிக்கொண்டே போனால் காஸை மூடிவிட்டு விலகி நில்லுங்கள்.


செங்கலடி_ரீச்சர் எழுதியது:

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதை நேரில் காட்ட முடிந்தால் எவ்வளவு நல்லது என்று நினைத்துக்கொண்டே வாசித்தேன். ஆவியமுக்கமும் மிதப்பும் அடர்த்தியும் ஒரே சாமானுக்குள் இருக்கிறது. ஐயா சொன்ன எண்ணெய்க் குடுவையை நாளைக்கே பலகையில் கீறப் போகிறேன்.

தண்ணீர் வன்மையா, அதாவது ஐயா சொன்ன வெள்ளைப் படை பிடிக்கிற தண்ணீரா, என்று பார்க்க ஒரு போத்திலில் கொஞ்சம் எடுத்துச் சவர்க்காரத் துண்டு போட்டுக் குலுக்கினால் போதும், நுரை வராமல் தயிர் மாதிரித் திரண்டால் வன்னீர். பற்றரிக் கடையில் விற்கிற காய்ச்சி வடித்த தண்ணீரும் பாவிக்கலாம் என்று நினைக்கிறேன், சரியா ஐயா? ஆனால் அதே கடையில் அதே மாதிரிப் போத்திலில் அசிற்றும் இருக்கும், லேபலை வாசிக்காமல் எடுக்க வேண்டாம்.

என் கேள்வி ஒன்று, 32 மில்லிமீற்றர் என்பது எங்கள் கோச்சியின் எந்தப் பங்கு? பிள்ளைகள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.


லெஸ்டர்_மட்டுநகர் எழுதியது:

ரீச்சர், இந்த எஞ்சின்களை ஓர் அடிக்கு 16 மில்லிமீற்றர் என்ற கணக்கில் செய்கிறார்கள், அதாவது 19இல் ஒரு பங்கு. 32 என்றால் இரண்டடி அகலமுள்ள சின்ன லைன், கற்குவாரிகளிலும் தோட்டங்களிலும் ஓடினது. எங்கள் மட்டக்களப்பு லைன் ஐந்தரை அடி, 1676 மில்லிமீற்றர். இதே கணக்கில் அதைச் செய்தால் தண்டவாளத்தின் அகலம் 88 மில்லிமீற்றர் வரும். களனிவெளி லைன் அகலமாக்கப்படமுன் இரண்டரை அடியாக இருந்தது, அது 40 மில்லிமீற்றர்.

தம்பி, எண்ணெய் நான் அனுப்புகிறேன். முகவரியை இங்கே போடாமல் தனிச்செய்தியில் தாருங்கள்.


கல்லடி_வளவு எழுதியது:

மூன்று கிழமைக்குப் பிறகு வருகிறேன். அண்ணா அனுப்பின எண்ணெயும் மாமா அனுப்பின அடப்டரும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. இன்றைக்குக் காலையில் ஓடியது. சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் ரேடியோ. அக்கரைப்பற்றுக் காக்கா சொன்னபடி கம்பியைக் கழற்றிப் பார்த்தால், ஸ்டிக் அடியில் நிற்கும்போது சேர்வோ கை மூடின இடத்தையும் தாண்டி இரண்டு பல்லு அப்பால் நின்றது. அவ்வளவு நாளும் மல்லுக்கட்டிக் கம்பியே கொஞ்சம் வளைந்திருக்கிறது. வளைந்த கம்பியால்தான் ரெகுலேற்றர் முழுக்க மூடாமல் ஊர்ந்திருக்கிறது. புதுக் கம்பிக்கு ஒரு சைக்கிள் கம்பியை வெட்டி அராவி வைத்தேன். ஃபெயில்சேஃப் நீங்கள் ஊகித்ததேதான் காக்கா, ரிமோட்டை ஓஃப் பண்ண ரெகுலேற்றர் நேரே நடுவுக்குப் போய் நின்றது. மேசையில் வைத்து அதைப் பார்த்தபோது வயிறு ஒருமாதிரிப் போயிற்று. இப்போது பதிந்து, பத்துத் தரம் ஓஃப் பண்ணிப் பார்த்துவிட்டேன், பத்துத் தரமும் மூடியது.

பாதையிலும் ஒரு பிழை கண்டுபிடித்தேன், நான் இங்கே எழுதாத பிழை. ஒரு பக்கம் மெதுவாகவும் மறுபக்கம் வேகமாகவும் ஓடுவதை எஞ்சினின் குணம் என்று நினைத்திருந்தேன். மேசன் வேலை செய்கிற பக்கத்து வீட்டு அண்ணன் தன்னுடைய தண்ணீர்க் குழாயைக் கொண்டுவந்து மட்டம் பிடித்துப் பார்த்தார், கிணற்றுப் பக்கம் இரண்டரைச் சென்ரிமீற்றர் பதிந்து கிடந்தது. ரசமட்டத்தைத் துண்டு துண்டாக வைத்துப் பார்த்த எனக்கு அது பிடிபடவில்லை. மணலைத் தோண்டி, கல்லுக்கடியில் சல்லி போட்டு இடித்து, நாலு இடத்தில் உயர்த்தினோம். நாலரை அடி ஆரத்துக்கு முழு வட்டமும் இருபத்தெட்டு அடிதான், அதற்குள் இரண்டரைச் சென்ரிமீற்றர் ஏறி இறங்குவது இந்தச் சின்ன எஞ்சினுக்கு மலை.

காலை ஆறரைக்கு, கடல்காற்று எழும்பமுன், மாமரத்தடியில் வைத்தேன். பியூட்டேன் போட்டதும் அந்த ஊளை இல்லை. 'உஸ்' என்று நீங்கள் சொன்ன அதே சத்தம், காதைக் கிட்டக் கொண்டுபோனால்தான் கேட்கிறது. ஆறு நிமிஷத்தில் முள்ளு அசைந்தது. ஐயா சொன்னபடி ஓட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன், 40ஐத் தொடுகிற இடத்தில் வால்வ் 'சிஸ்ஸ்' என்று தூக்கி, காஸைக் குறைத்ததும் இறங்கி உட்கார்ந்தது. பழந்துணியைப் புகைபோக்கியில் பிடித்துத் தள்ளிக் கொடுத்தேன். நாலாவது தரம் தள்ளும்போது என் கை தேவைப்படவில்லை. கைக்குள்ளேயிருந்து அது தானாக விலகிப் போனது. ரிமோட்டைத் தொட மறந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

இருபத்திரண்டு நிமிஷம் ஓடியது. நிற்கச் சொன்ன இடத்தில் நின்றது. லீவரை நடுவுக்குக் கொண்டுவந்து, பின்னுக்குப் போட்டு, மெதுவாகப் பின்னுக்கும் எடுத்தேன். மகள் வீட்டுப் படியில் இருந்து பார்த்தாள், அங்கேதான் அவளுடைய இடம் இனி. முடிந்து ஆறின பிறகு குடுவையில் இருந்து இரண்டு மில்லிலீற்றர் சாம்பல் தண்ணீர் வந்தது, அதற்குப் பின்னால் எண்ணெய் நூல்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். கடற்கரை வீடு, சக்கரத்தில் இரண்டு நாளில் துரு பூக்கிறது. என்ன செய்வது?


கோச்சி_பிற்றர் எழுதியது:

ஓட்டி முடித்து இளஞ்சூடு இருக்கும்போதே அந்த நீராவி எண்ணெயைத் துணியில் ஒரு துளி எடுத்துச் சக்கரம், கம்பி, கிறாங்க் எல்லாம் துடைத்துவிடுங்கள். சூட்டோடு துடைத்தால் ஈரமும் போகும், எண்ணெயும் படியும். பொயிலரில் மிஞ்சிய தண்ணீரை வெளியே எடுத்துவிட்டு மூடியைத் திறந்தே வையுங்கள். ரீச்சர் கேட்டதற்கும் சொல்லிவிடுகிறேன், வடித்த தண்ணீர் நல்லது. மழைத் தண்ணீர் கிடைக்கிற காலத்தில் எனக்கு அதுதான் விருப்பம்.

இரண்டரைச் சென்ரிமீற்றர் பதிந்ததைக் கண்டுபிடித்தீர்களே மகன், அது சந்தோஷம். மாரி வந்தால் மறுபடி பதியும், ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் குழாய் பிடியுங்கள். பெரிய லைனுக்கும் அதுதான் செய்கிறார்கள்.

நான் இருப்பது ரவுண் பக்கம், கல்லடிப் பாலத்தைத் தாண்டினால் உங்கள் இடம். அடுத்த முறை எப்போது நெருப்பு வைக்கிறீர்கள்?


கல்லடி_வளவு எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை காலை ஐயா. ஆறு மணிக்கு வாருங்கள், நீங்கள் வந்த பிறகுதான் பற்ற வைப்பேன். ரெகுலேற்றரை முதலில் நீங்கள்தான் திறக்க வேண்டும். ரீச்சரும் விரும்பினால் வரலாம், மனைவி வீட்டில்தான் இருப்பா, இடத்தைத் தனிச்செய்தியில் சொல்கிறேன்.